மறுமுனையில் ஒருவர் இருக்கிறார்

ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு தொலைபேசிகள். ஒன்றை எடுப்பவர் உங்களுக்காக ஜெபிப்பார். இன்னொன்றை எடுப்பவர் நீங்கள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். சாவின் விளிம்பைப் பார்த்த இரண்டு கிறிஸ்தவர்களிடமிருந்து கிளம்பிய இரண்டு வழிகள், ஒரே பின்கோடில் வந்து சேர்ந்திருக்கின்றன.

சென்னை 600028 என்றதும் கிரிக்கெட் பிரியர்களுக்கு வெங்கட் பிரபுவின் படம் நினைவுக்கு வரும். மற்றவர்கள் மந்தைவெளி பேருந்து நிலையத்தைச் சொல்வார்கள். அமைச்சர்களின் பங்களாக்கள் வரிசையாக நிற்கும் கிரீன்வேஸ் சாலையைச் சொல்வார்கள். பறக்கும் ரயிலில் வந்து இறங்கினால், நடந்தே போகிற தூரத்துக்குள் இரண்டு கட்டடங்கள். கிரீன்வேஸ் சாலைப் பகுதியில், இப்போது டாக்டர் டி.ஜி.எஸ். தினகரன் சாலை என்று பெயர் பெற்றிருக்கும் சாலையில், 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் ஜெப கோபுரம். பார்க் வியூ சாலையில், ஆரவாரமே இல்லாமல், 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையம்.

முதலாவது உலகறிந்த மத அமைப்பு. இரண்டாவதற்கு மதமே கிடையாது. ஆனால் இரண்டின் வேலையும் தொலைபேசி மணி அடித்தால் எடுப்பதுதான். 'வாழ்ந்து என்ன ஆகப்போகிறது' என்ற கேள்வி மனிதரை விழுங்கும் நேரத்தில், மறுமுனையில் ஒருவர் இருக்க வேண்டும் என்று இரண்டு இடங்களிலும் யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள்.

சுரண்டையிலிருந்து ஒரு சாட்சி

1935 ஜூலை 1 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுரண்டையில் பிறந்தவர், 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தை நிறுவிய டி.ஜி.எஸ். தினகரன். 1955இல், இருபது வயதைத் தொடும் பருவத்தில், வறுமையும் தோல்வியும் சேர்ந்து நெருக்க, உயிரை விட்டுவிடும் முடிவோடு வீட்டைவிட்டுக் கிளம்பினார். வழியில் உறவினர் ஒருவர் மறித்துப் பேசினார். இயேசுவைப் பற்றிச் சொன்னார். தினகரன் வீடு திரும்பினார். பிற்காலத்தில் லட்சக்கணக்கானோர் கூடிய மேடைகளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சாட்சி இதுதான்.

இந்தச் சாட்சியைக் கேட்பவர்கள் 'இயேசு' என்ற பெயரில் நின்றுவிடுவார்கள். மறித்துப் பேசிய அந்த உறவினரைக் கவனிப்பவர்கள் குறைவு. அவர் போதகர் வேடமிட்டு வரவில்லை. முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து நின்ற மனிதர், அவ்வளவுதான். நம்பிக்கை ஓர் இளைஞனுக்குள் நுழைந்தது அவர் நின்றதால். அவர் கடந்து போயிருந்தால் ஜெப கோபுரமும் இல்லை, கோயம்புத்தூர் காருண்யா பல்கலைக்கழகமும் இல்லை.

ஸ்டேட் பாங்க் ஊழியராக இருந்தபடியே 1960களில் ஊழியத்தைத் தொடங்கினார் தினகரன். வானொலி, பத்திரிகை, தொலைக்காட்சி என்று அது வளர்ந்தது. 1983இல் சென்னையில் ஜெப கோபுரம் எழுந்தது. இரவோ பகலோ, தொலைபேசியில் அழைக்கலாம்; நேரில் வரலாம்; கடிதம் எழுதலாம். வந்தவர் பெயரைச் சொல்லி, அவருடைய பாரத்தைச் சொல்லி, ஒருவர் கூட அமர்ந்து ஜெபிப்பார். கடனில் மூழ்கியவர், குழந்தையில்லாதவர், குடிக்கும் கணவனோடு மல்லுக்கட்டுபவர் என்று வந்தவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறைய.

1986 மே மாதம் தினகரனின் மகள் ஏஞ்சல் சாலை விபத்தில் இறந்தார். பிறருடைய கண்ணீருக்காக ஜெபித்தவரின் வீட்டிலேயே சாவு. அந்த அடிக்குப் பிறகும் அவர் மேடைக்குத் திரும்பினார். அவரைப் பின்தொடர்ந்த பலருக்கு அற்புதங்களைவிட அந்தத் திரும்பி வருதல்தான் பெரிய செய்தியாக இருந்தது. 2008 பிப்ரவரி 20 அன்று அவர் மறையும்போது ஜெப கோபுரங்கள் பல நகரங்களில் எழுந்திருந்தன.

கடல்போன்ற கூட்டத்தில் மேடையிலிருந்தே பெயர் சொல்லி அழைப்பது தினகரனின் கூட்டங்களில் பிரபலம். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. பிணி தீர்க்கும் கூட்டங்களைக் கேள்விக்கு உட்படுத்திய பகுத்தறிவாளர்களும், கிறிஸ்தவத்துக்குள்ளேயே முகம் சுளித்தவர்களும் உண்டு. அந்த விவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றைப் பார்க்கலாம். லட்சம் பேர் நடுவே தன்னை யாரோ அறிந்திருக்கிறார் என்று தோன்றும் அந்த ஒரு நொடிக்காக, மனிதர்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்யத் தயாராக இருந்தார்கள் என்பதே ஒரு செய்தி.

லிங்கன் நகரத்து இடுகாடு

இன்னொரு வழி 1935இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் தொடங்குகிறது. தினகரன் பிறந்த அதே ஆண்டு. சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் குருவானவர் தன் ஊழியத்தின் முதல் அடக்க ஆராதனையை நடத்தினார். இறந்தவள் ஒரு சிறுமி. அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருக்கிறது. என்ன நடக்கிறது என்று சொல்லித்தர யாருமில்லை. கொடிய நோய் வந்துவிட்டதாக நினைத்துப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். கேட்கலாம் என்று நம்பும்படி ஒரே ஒருவர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அந்த இடுகாட்டில் நின்றபோதுதான் தன் வேலை எது என்று வாரா முடிவுசெய்தார்.

முடிவு செயலாக 18 ஆண்டுகள் ஆயின. இடையில் சிறுவர் காமிக்ஸ் பத்திரிகையான 'ஈகிள்' உருவாக உதவினார், அதற்கு எழுதினார், பங்குகளில் பணியாற்றினார். 1953 நவம்பர் 2 அன்று லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்திலிருந்து, தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கான தொலைபேசியைத் திறந்தார். அப்போது இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம். அந்தச் சட்டம் நீங்கியது 1961இல்.

ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் முன்னறையில் காத்திருப்பார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தொண்டர்களை வைத்திருந்தார் வாரா. சில மாதங்களில் ஒன்று கண்ணில் பட்டது: தேநீர் குடித்துப் பேசிவிட்டே பலர் பாரம் இறங்கிக் கிளம்பிவிடுகிறார்கள்; குருவானவரைப் பார்க்கும் தேவையே அவர்களுக்கு வருவதில்லை. 1954 பிப்ரவரியில் தொலைபேசியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். தன் புலமையைவிடச் சாதாரண மனிதரின் செவி பெரிது என்று ஒரு மதகுரு ஒப்புக்கொண்ட இடம் அது. பத்திரிகை ஒன்று வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது: சமாரியர்கள்.

லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் கதை ஞாயிறு பள்ளிக்குப் போன எவருக்கும் தெரியும். அடிபட்டுக் கிடப்பவனை ஆசாரியனும் லேவியனும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். நிற்பவன் சமாரியன், யூதர்கள் ஒதுக்கிவைத்த கூட்டத்தைச் சேர்ந்தவன். காயத்தைக் கட்டுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான், செலவுக்குப் பணம் கொடுக்கிறான். மதப் பேச்சு ஒரு வார்த்தைகூட அவன் வாயிலிருந்து வருவதில்லை. வாரா தன் தொண்டர்களுக்கு வைத்த விதியும் அதுதான்: அழைப்பவரிடம் மதம் பேசக் கூடாது. ஆலயத்துக்குள் பிறந்த தொலைபேசி அப்படித்தான் எல்லோருக்கும் உரியதாயிற்று. 1974இல் 'பிஃப்ரெண்டர்ஸ் இன்டர்நேஷனல்' என்று அது உலகத்துக்கு விரிந்தது.

1986, ராஜா அண்ணாமலைபுரம்

1986 சென்னைக் கிறிஸ்தவர்களுக்கு மறக்க முடியாத ஆண்டு. பிப்ரவரி 5 அன்று போப் இரண்டாம் ஜான் பால் வந்தார். சாந்தோம் பேராலயத்தில் புனித தோமாவின் கல்லறையில் ஜெபித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சினேகாவைத் தொடங்கினார். வாராவின் கொள்கைகளைப் பின்பற்றும் சர்வதேச வலைப்பின்னலோடு அது இணைந்தது.

அன்றைய நிலைமை எப்படி இருந்தது? தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் இந்தியத் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி குற்றவாளி. ஓராண்டு வரை சிறை. ஆகவே குடும்பங்கள் 'விபத்து' என்று எழுதச் சொல்லும். தொலைபேசி பெரும்பாலான வீடுகளில் கிடையாது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாளில் தொலைபேசியையும் தொண்டர்களையும் நம்பி ஒரு மையம் தொடங்கினார்கள்.

சினேகாவின் முறையைச் சொல்ல நான்கு வரி போதும். தொண்டர்கள் சம்பளம் வாங்குவதில்லை. தேர்வும் பயிற்சியும் முடிந்த பிறகே தொலைபேசியைத் தொடலாம். அறிவுரை சொல்லக் கூடாது, தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேட்டது வெளியே போகக் கூடாது. சொல்ல எளிது; செய்து பார்த்தால்தான் தெரியும். 'போனது போகட்டும், எல்லாம் சரியாகிவிடும்' என்ற சொல்லை நாக்கு நுனியிலேயே நிறுத்துவது நம்மூரில் யாருக்கும் பழக்கமில்லாத வித்தை. ஒருவர் அழுதால் இரண்டாவது நிமிடத்திலேயே புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிற ஊர் இது.

பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் அந்தத் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. தேர்வில் தவறிய மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனடியாக மறுபடி எழுதும் வாய்ப்பு தமிழகத்தில் வந்ததில், அதற்காக இடைவிடாமல் குரல் கொடுத்த லட்சுமி விஜயகுமாருக்கும் பங்குண்டு. 2004 சுனாமியில் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பு சிதைந்தபோது, தொண்டர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார்கள். உறவுகளைப் பறிகொடுத்தவர்களில், இப்படித் தொண்டர்கள் போய் வந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்ததை அவரும் சக ஆய்வாளரும் பிறகு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். மருந்து எழுதத் தெரியாத, சாதாரண மனிதர்கள் போய் உட்கார்ந்ததன் விளைவு அது.

சட்டமும் மெல்ல மாறியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இல்லை.

கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவர் தொடங்கியதன் தொடர்ச்சி, எல்லா மதத்தாரும் மதமில்லாதவரும் உட்காரும் ஒரு மையமாக மயிலாப்பூரின் விளிம்பில் நிற்கிறது. சமாரியன் கதையின் தர்க்கப்படி பார்த்தால் இதில் வியக்க ஏதுமில்லை. உதவுபவன் நம் கூட்டத்தவனாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் கதையே.

சபை கற்றுக்கொள்ள வேண்டியது

கிறிஸ்தவத்தின் கை இந்த விஷயத்தில் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியாது. தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கச் சடங்கை மறுத்த வழக்கம் பல நூற்றாண்டுகள் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பில் அந்தத் தடை எழுத்திலேயே இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில்தான் அது இல்லாமல் போனது. சட்டம் நீங்கினாலும் கூச்சம் நீங்கவில்லை. 'விசுவாசம் இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பானா' என்று துக்க வீட்டு வாசலிலேயே கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட சபையில் உயிரோடு இருப்பவர் எவர் வாய் திறப்பார்?

தென்சென்னையின் ஆலயங்களில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 1516இல் போர்ச்சுகீசியர் கட்டிய லஸ் பிரகாச மாதா ஆலயத்தைக் காட்டுக்கோயில் என்றே இன்றும் சொல்கிறார்கள். கடலில் வழி தவறிய மாலுமிகளுக்கு ஒளி காட்டியது என்பது அதன் ஐதிகம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரை காவி உடையில் நடந்து வருபவர்களால் சாலையே நிறைந்துவிடும். அதில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. கத்தோலிக்கப் பங்குகளில் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த அன்பியங்கள் இருக்கின்றன. சி.எஸ்.ஐ. சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம், வீட்டு ஜெபக் கூட்டம். ஒருவரையொருவர் அறிவதற்கான ஏற்பாடு இவ்வளவு பலமாக வேறெங்கும் இல்லை.

ஆனால் அன்பியக் கூட்டத்தில் ஒரு தாய் தன் மகனைப் பற்றி விம்மினால் அது உடனே ஜெபக் குறிப்பாகிவிடும். மறுநாள் காலை பால் வாங்கும் இடத்தில் நான்கு பேர், 'பையன் எப்படி இருக்கான்?' என்று கேட்பார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள். அந்தத் தாய் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். ரகசியம் காப்பது எப்படி என்பதை ஜெபக் கூட்டங்கள் சினேகாவிடம் படிக்க வேண்டியிருக்கிறது.

ஜெபத்தால் ஆகக்கூடியது வேறு. இன்னொருவர் உங்கள் பெயரைத் தன் வாயால் சொல்லி உங்களுக்காக மன்றாடுகிறார் என்பது தனித்துக் கிடப்பவருக்குப் பெரிய பிடிமானம். அது கேட்பதற்கு முன்னால் வந்தால் சமாளிப்பாகிவிடும். முழுவதும் கேட்ட பிறகு வந்தால் துணையாகும். மருத்துவரிடம் போக வேண்டியவரை ஜெபத்தைக் காட்டி நிறுத்திவைப்பது மட்டும் எந்த வேதத்தின் பெயராலும் நியாயமாகாது. மனச்சோர்வு நோய், அதற்கு மருத்துவம் இருக்கிறது.

கதவைத் தட்டியவர்கள்

'கடவுள் எனக்கென்று வைத்திருக்கும் நோக்கம் என்ன?' வாலிபர் முகாம்களில் அதிகம் எழும் கேள்வி இது. அதற்குப் பதிலாகப் பட்டியல்களும் பயிற்சித் தாள்களும் இப்போது நிறையக் கிடைக்கின்றன. தமிழ் மண்ணின் வரலாறு வேறு வகைப் பதிலை வைத்திருக்கிறது.

மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடருக்கு இந்தியாவில் தங்கும் எண்ணமே கிடையாது. திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்காக மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது. பெண் மருத்துவர் வேண்டும். ஐடா அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார். வேலூர் சி.எம்.சி. அந்த இரவின் பிள்ளை.

ஐடாவுக்குக் கதவைத் தட்டிய மூன்று ஆண்கள், வாராவுக்கு ஒரு சிறுமியின் உடல், தினகரனுக்கு வழிமறித்த உறவினர். மூவருமே நோக்கத்தைத் தங்களுக்குள் தோண்டி எடுக்கவில்லை. வேறொருவரின் அவசரமோ அக்கறையோ அவர்கள் மேல் வந்து விழுந்தது. அவர்கள் நகர்ந்து போகவில்லை. விசுவாசம் அவர்களுக்குக் கொடுத்தது, நகராமல் நிற்கும் பலத்தை.

இன்றைய சென்னையில் தட்டும் ஓசை எங்கிருந்து வருகிறது? தி.நகர் ரங்கநாதன் தெருவில் துணி மடிக்கும் இளைஞர்களில் பலர் தென்மாவட்டத்துக்காரர்கள். நாள் முழுக்க ஆயிரம் முகங்களைப் பார்க்கிறார்கள். ஊரை விட்டு வந்ததன் ஏக்கத்தைச் சொல்ல ஒரு முகம் இல்லை. 'அங்காடித் தெரு' படம் 2010இல் அதைத் திரையில் காட்டியது. அடையாறு அடுக்குமாடிகளில், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, வாட்ஸ்அப் அழைப்புக்கும் மருந்து டப்பாவுக்கும் நடுவே நாளைக் கழிக்கும் பெற்றோர். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் போட்டித் தேர்வுக்குப் படித்துப் படித்து வயது கடந்தவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர்; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். உலகமும் விழித்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென்றே அமைச்சர்களை நியமித்தன. உலக சுகாதார நிறுவனம் 2023இல் சமூகப் பிணைப்புக்காக ஓர் ஆணையம் அமைத்தது.

அமைச்சர் வரும்வரை ஆலயங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு சபையிலும் வாய் மூடிக் கேட்கத் தெரிந்த நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து முறையான பயிற்சிக்கு அனுப்பலாம். கேட்டதைச் சொல்லமாட்டோம் என்று அவர்களை உறுதியெடுக்க வைக்கலாம். எந்த அறிகுறி தெரிந்தால் எந்த மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்று கற்றுத்தரலாம். தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டுக்கு, கேள்வி எதுவும் கேட்காமல், சாப்பாட்டோடு போய் உட்காரலாம். பாடகர் குழுவுக்கு வாரம் இரண்டு மாலை ஒத்திகை நடத்தும் சபைகளுக்கு இது பெரிய காரியமே அல்ல. தன் நோக்கம் என்ன என்று தேடி வரும் இளைஞர்களை அந்த நான்கு பேரில் ஒருவராக உட்காரவைத்தால், பாதிக் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

உதவிக்கு: எந்தப் பிரச்சினைக்கும் தற்கொலை தீர்வல்ல. மனம் கனக்கும்போது பேசுங்கள். சினேகா: 044-24640050. தமிழக அரசின் உதவி எண்: 104. மத்திய அரசின் டெலி-மானஸ்: 14416.